பெரிய சாரின் தலை

போர்ட் பிளேரில், தீவுக் கலை ஒருங்கிணைப்பு இயக்ககத்தில் காகிதக்கூழால் பெரிய பெரிய தலைகள் செய்வது என்று முடிவானபோது, எதற்காகத் தலை என்று யாரும் கேட்கவில்லை. யாருடைய தலை எவ்வளவு பெரியது என்றுதான் கேட்டார்கள். ஓர் அலுவலகம் என்று இருந்தால் அப்படித்தான் கேட்கும். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

யோசனை ப்ரியங்காவுடையது. கடலுக்கு அப்பால் மெயின்லேண்டில் நிகழ்த்துகலை படித்துவிட்டு, ஆலோசகராக ஒப்பந்தத்தில் வந்திருந்த பெண். தோளை மூடும் அளவுக்குப் பெரிய தலைகளை மாட்டிக்கொண்டு ஆட்கள் தெருவில் மெதுவாக நடப்பார்கள், ஒன்றும் பேசமாட்டார்கள், பார்க்கிறவர்கள் தங்களைப் பற்றி யோசிப்பார்கள். அவ்வளவுதான் அந்தக் கலை. மீன்காரி, கப்பல் கலாசி, நர்ஸ், ரப்பர் பால் வெட்டுகிறவர் என்று நான்கு முகங்களை வரைந்துகொண்டு வந்து மேஜைமேல் பரப்பினாள்.

துணை இயக்குநர் முத்துராஜ் நான்கையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எள் என்றால் எண்ணெயாக நிற்கிற மனிதர். ஆனால் மேலே இருப்பவர்கள் எள் என்றால் மட்டும்.

"இதுல டிபார்ட்மெண்ட் எங்கம்மா இருக்கு?" என்றார்.

"இது மக்களோட முகம் சார்."

"மக்களோட முகம் மக்கள்கிட்டயே இருக்கே. வீட்டுக்கு வீடு கண்ணாடி இருக்கு, பாத்துக்கிடுவாங்க. அவங்க பாக்கவே பாக்காதது நம்ம முகத்தத்தான். அதைத்தான் செய்யணும்."

மீன்காரியும் கலாசியும் நர்ஸும் பால் வெட்டுகிறவரும் உறைக்குள் திரும்பிப் போனார்கள். இயக்குநர், துணை இயக்குநர், கண்காணிப்பாளர், கணக்கர் என்று நான்கு தலைகள் செய்ய உத்தரவாயிற்று. ப்ரியங்கா கொஞ்ச நேரம் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தாள். பிறகு ஒப்பந்தத்தில் இன்னும் மாதங்கள் பாக்கி இருப்பது நினைவுக்கு வந்து மூடிக்கொண்டாள்.

செய்யும் வேலை சிவஞானத்தின் தலையில் விழுந்தது. அவன் அங்கே தினக்கூலி. விழாக்களுக்குச் சுவரொட்டி ஒட்டுகிறவன் ஆதலால் பசை காய்ச்சத் தெரியும், பசை காய்ச்சத் தெரிந்தவனுக்குத் தலையும் செய்ய வரும் என்று முத்துராஜ் தீர்மானித்தார். வராது என்று சிவஞானத்துக்குத் தெரியும். சொல்லவில்லை. ஷாதிபூரில் வாடகை அறை, டெய்ரி ஃபார்ம் என்ற பேட்டையில் அலுவலகம், இரண்டுக்கும் நடுவே வாயைத் திறக்காமல் நடந்து போய் வருவதுதான் அவனுடைய உத்தியோகம் என்று அவன் என்றோ முடிவுக்கு வந்திருந்தான்.

அப்போது அவன் மனம் வேறிடத்தில் இருந்தது. தெற்கே தொலைவிலுள்ள கட்சால் தீவில் அவனுடைய அக்கா சொர்ணம்மா இருந்தாள். சிலோனிலிருந்து ரப்பர் தோட்டத்துக்கு வந்த குடும்பம். அப்பா அம்மா போன பிறகு அக்காதான் பால் வெட்டி அவனைப் படிக்க வைத்தாள். அவளுக்கு இடது கண் போய்விட்டது. வலது கண் போய்க்கொண்டிருந்தது. கண்ணுக்குள் அழுத்தம், ஆபரேஷன் செய்தால் இருக்கிற பார்வையாவது நிற்கும் என்று கட்சாலுக்கு வந்துபோன டாக்டரம்மா சொல்லியிருந்தார். அதற்கான கருவிகளோடு மெயின்லேண்டிலிருந்து பெரிய கண் டாக்டர் ஒருவர் போர்ட் பிளேரில் முகாம் போட்டிருந்தார். முகாம் முடிவதற்குள் அக்கா வந்து சேர வேண்டும். கப்பல் பழுது பார்க்கப் போயிருந்தது. மிச்சம் ஹெலிகாப்டர். அதில் நோயாளிகளுக்கு என்று இடம் உண்டு. அந்த இடத்துக்கு அவள் பெயர் கொடுத்துக் காத்திருந்தாள்.

"நேத்தும் பேரு வரல தம்பி," என்பாள் போனில், சிக்னல் கிடைக்கிற நேரத்தில். "யாரோ தொரைமாரு போறாங்களாம். சரி வுடு. இன்னிக்குக் கொஞ்சம் தெரியிது. கை வெரலு தெரியிது."

மறுநாள் கூப்பிட்டால் கைவிரல் தெரியாது, கை தெரியும்.

தலைவேலை நடந்தது. மூங்கில் பிளாச்சுகளை வளைத்துக் கூண்டு கட்டி, பழைய செய்தித்தாளைக் கிழித்து, மைதாப் பசையில் தோய்த்து, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்ட வேண்டும். பூச்சி அரிக்காமலிருக்கப் பசையில் மயில்துத்தம். இவ்வளவுதான் என்று சிவஞானம் நினைத்திருந்தான். மூன்றாவது அடுக்கில் சுற்றறிக்கை வந்தது. இயக்குநரின் தலைக்கு ஆங்கிலச் செய்தித்தாள், துணை இயக்குநருக்கு இந்தி, மற்றவர்களுக்கு வட்டார மொழிகள். எந்தத் தலையிலும் நெற்றிப் பகுதியில் மரண அறிவித்தல் வரக் கூடாது. இயக்குநரின் காதுக்குப் பின்னால் பாதி ஒட்டிய தமிழ்த்தாளை உரித்துவிட்டு ஆங்கிலம் ஒட்டினான். மேலே எப்படியும் வர்ணம் அடிக்கப் போகிறார்களே என்று ப்ரியங்கா கேட்டாள்.

"உள்ளுக்குள்ள இருக்கதுதாம்மா பதவி," என்றார் முத்துராஜ்.

அளவிலும் சிக்கல் வந்தது. துணை இயக்குநரின் தலை இயக்குநரின் தலையைவிட விரற்கடை அகலமாக இருப்பதைக் கணக்கர் கண்டுபிடித்தார். இயக்குநர் தலையைப் பெரிதாக்கினார்கள். மரியாதைக்காக இன்னும் கொஞ்சம் பெரிதாக்கினார்கள். கடைசியில், பெரிய சார் என்று எல்லோரும் சொல்கிற இயக்குநரின் தலை ஒரு தண்ணீர்த் தொட்டி அளவுக்கு வந்து நின்றது. கண்களுக்குக் கப்பல் விளக்கின் கண்ணாடி மூடிகளை வாங்கிப் பின்பக்கம் வெள்ளையும் கறுப்பும் பூசிப் பதித்தார்கள். பளபளவென்று இருந்தன. அவற்றின் வழியாக ஒன்றும் தெரியாது. மாட்டிக்கொள்கிறவர் பல்வரிசையின் இடுக்கு வழியாகத்தான் வெளியே பார்க்க வேண்டும்.

மழைக்காலம். தலை காய மறுத்தது. விசிறி போட்டார்கள், மின்விளக்கு கட்டினார்கள், பசைதான் புளித்தது. ஏர்கண்டிஷன் உள்ள அறை ஒன்றே ஒன்று, இயக்குநருடையது. தலையை அங்கே கொண்டுபோய் அவர் நாற்காலியில் வைத்தார்கள். வேறு எதிலும் அது நிற்கவில்லை. பெரிய சார் பெருந்தன்மையோடு வராந்தாவுக்குப் போனார். ஸ்ரீவாஸ்தவா என்று அவருக்கு ஒரு பெயர் இருந்தது. கோப்புகளைத் தவிர வேறெங்கும் யாரும் அதைப் பயன்படுத்தியதில்லை.

முதல் நாள் பழக்க தோஷத்தில் டீ தலைக்கு முன்னால் வைக்கப்பட்டது. அடுத்த நாள் கோப்புகளும் அங்கேயே போயின. பார்வையாளர்கள் கண்ணாடிக் கதவு வழியாகப் பெரிய சார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, ஐயா வேலையாக இருக்கிறார் என்று நிம்மதியாக வீட்டுக்குப் போனார்கள். புகார்கள் குறைந்தன. முத்துராஜ் ஊழியர்களைக் கூட்டிப் பேசினார்.

"தலை வந்த பிறகு ஆபீஸ்ல ஒரு தப்பான கையெழுத்து விழலை. ஒரு தப்பான உத்தரவு போகலை. எல்லாம் அப்படியே இருக்கு. இதுதான் நிர்வாகம். இனிமே தலை உள்ள வரும்போது எல்லாரும் எந்திரிக்கணும்."

எழுந்தார்கள். வராந்தாவில் பெரிய சாரும் எழுந்தார்.

சிவஞானத்துக்குச் சிரிப்பு வரவில்லை. கோபமும் வரவில்லை. கோபம் வர வேண்டிய இடத்தில் அவனுக்குக் கொட்டாவி வந்தது. பசை வாளியைத் தூக்கிக்கொண்டு போகும்போது, முகாம் முடிய எத்தனை நாள் என்று மட்டும் மனம் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தது. துணிந்து ஒருநாள் முத்துராஜிடம் சொன்னான்.

"சார், கட்சால்ல எங்க அக்கா. கண்ணு ஆபரேஷன். ஹெலிகாப்டர்ல பேரு வரமாட்டேங்குது. நீங்க ஒரு வார்த்தை சொன்னா..."

"கட்சாலா?" முத்துராஜின் முகம் மலர்ந்தது. "நல்லதாப் போச்சு! நாம தலையோட முதல் பயணத்துக்கு ஒரு ஊரு தேடிக்கிட்டு இருந்தோம்."

சிவஞானம் வாய் திறந்ததால் விளைந்த பலன் அது. 'மக்களைத் தேடி முகம்' என்ற திட்டம் கட்சாலில் தொடங்கும் என்று அறிவித்தார்கள். கப்பல் வந்தாலும் உப்புக்காற்றில் தலை நமத்துப்போகும், எனவே ஹெலிகாப்டர். சொர்ணம்மாவுக்கு அந்த வாரம் இடம் கிடைத்துவிட்டது என்று தகவல் வந்தது. பிறகு அந்த இடம், கட்சால் பள்ளி மைதானத்தில் தலை திரும்ப இடம் போதுமா என்று அளந்துவிட்டு வந்த குழுவுக்குப் போயிற்று. மறுபடி கிடைத்தது. அது, அளவு நாடாவை மறந்து வைத்துவிட்டு வந்ததால் அதைத் திருப்பிக் கொண்டுவந்தவருக்குப் போயிற்று.

"இப்ப கை தெரியல தம்பி," என்றாள் அக்கா. "வெளிச்சம் தெரியிது. வெளிச்சம் போதும், நடந்துக்கிருவேன். நீ கவலப்படாத."

தலையை ஏற்றுவதில் ஒரு சின்ன இடைஞ்சல். அது ஹெலிகாப்டர் கதவில் நுழையவில்லை. இரு பக்கமும் செதுக்கினார்கள். பெரிய தலை சிறுத்ததால் துணைத் தலை சிறுக்க வேண்டியதாயிற்று, அதனால் மற்றவையும். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாகக் கணக்கரின் தலை அவருடைய சொந்தத் தலையைவிடச் சிறியதாகிவிட்டது. அவர் மருத்துவ விடுப்பில் போனார். இடமிருந்தது பெரிய தலைக்கு மட்டும்தான் என்பதால் மற்ற மூன்றும் கிடங்குக்குப் போயின.

அடுத்த கேள்வி, தலை சரக்கா, பயணியா? சரக்கு என்றால் இயக்குநரைச் சரக்கு என்று சொன்னதாகும். பயணி என்றால் பயணிக்கு உடம்பு வேண்டும். ஆகவே ஓர் ஆள் தலையை மாட்டி, கால்வரை அங்கியும் கையுறையும் போட்டு, இயக்குநரின் அடையாள அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டுப் போக வேண்டும். கூடவே ஓர் உதவியாள். தலையை மாட்ட டெர்வின், உதவிக்குச் சிவஞானம். டெர்வினும் தினக்கூலிதான், தூத்துக்குடிப் பக்கத்து மீனவக் குடும்பம். ஹெலிபேடில் காவலர் அட்டையிலிருந்த படத்தையும் தலையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"டீக் ஹை," என்று சல்யூட் அடித்தார். உள்ளே யார் என்று கேட்பது மரியாதையாக இருக்காது அல்லவா?

கட்சாலில் நிகழ்ச்சி குறைவில்லாமல் நடந்தது. தலை மைதானத்தை மெதுவாகச் சுற்றி வந்தது. தோட்டத்து ஜனங்கள் நின்று பார்த்தார்கள். கைதட்டச் சொல்லி யாரும் சொல்லாததால் தட்டவில்லை. 'மக்கள் மெய்மறந்து நின்றனர்' என்று அறிக்கை ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தபடியால் அது பொருத்தமாகவே அமைந்தது.

கூட்டத்தின் ஓரத்தில், முகத்தைச் சத்தம் வந்த பக்கமாகத் திருப்பிக்கொண்டு சொர்ணம்மா நின்றாள். சிவஞானம் போய்க் கையைப் பிடித்தான். அவள் அவன் முகத்தைத் தடவிப் பார்த்து, "மெலிஞ்சிட்ட," என்றாள். மாதக்கணக்கில் அவனுக்குள் மரத்துக் கிடந்த ஏதோ ஒன்று அந்த ஒரு வார்த்தையில் அசைந்து, வலித்து, மறுபடி மரத்துப்போனது.

திரும்பும் ஹெலிகாப்டரில் நோயாளி இடம் இல்லை. தலை இரண்டு இடத்தை அடைத்துக்கொண்டது. முகாமின் கடைசி நாள் அதுதான். மைதானத்து வேப்பமரத்தடியில் டெர்வின் தலையைக் கழற்றி வைத்துவிட்டு வியர்வையைத் துடைத்தான். சொர்ணம்மாவைப் பார்த்தான். சிவஞானத்தைப் பார்த்தான்.

"அண்ணே, அக்காவ இதுக்குள்ள ஏத்திட்டுப் போங்க."

"டேய், கண்டுபிடிச்சா ஒன் வேல போயிரும்."

"என்ன வேல, தினக்கூலி. எந்தக் கடல்லயும் இத விட மேலா சம்பாதிப்பேன். கப்பல் வரும்போது நான் வாரேன். இங்க மீன் நல்லா கெடக்கு, கெடந்துக்கிடுதேன்." அங்கியை உருவிக் கையில் கொடுத்தான். "ஒண்ணே ஒண்ணு. உள்ள இருமக் கூடாது. பெரிய சார் இருமுன மாதிரி ஆயிரும்."

சொர்ணம்மா அங்கிக்குள் புகுந்தாள். தலையைக் கவிழ்த்தார்கள். கட்சால் ஹெலிபேடில் நின்ற காவலரும் அட்டையைப் பார்த்தார், தலையைப் பார்த்தார், சல்யூட் அடித்தார். பூட்ஸ் ஓசை கேட்டுத் தலை லேசாகக் குனிந்தது. துரைமார் கண்டுகொண்டால் பதிலுக்குக் குனிவது தோட்டத்தில் அவளுக்குப் பழகிய பழக்கம். இயக்குநர் இப்போதெல்லாம் எளிமையாக நடந்துகொள்கிறார் என்று காவலர் பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார்.

கடலின் மேல் பறக்கும்போது கையுறை போட்ட கை ஒன்று சிவஞானத்தின் கையைத் தேடி வந்தது.

"தொரையோட வாய் வழியா கடல் தெரியிது தம்பி," என்றது தலை. "நீலமா இல்ல. சாம்பல் மாதிரி."

"பேசாத அக்கா. எறங்குனதும் கக்கூஸ் பக்கமா போய்த் தலையக் கழட்டிட்டு ஆட்டோ பிடிச்சிருவோம். டாக்டர் சாயங்காலம் வரைக்கும் இருப்பாரு."

இறங்கியதும் பேண்டு வாத்தியம் முழங்கியது.

முத்துராஜ் மாலையோடு நின்றார். பயணத்தை முடித்து வரும் முகத்துக்கு வரவேற்பு விழா. அந்த நேரமே, அங்கிருந்தே. திறந்த ஜீப்பில் தலையை நிறுத்தி விழா மண்டபத்துக்குக் கொண்டுபோனார்கள். சிவஞானம் ஜீப்பின் பின்னால் ஓடினான். மேடை நடுவில் பெரிய நாற்காலி தலைக்கு. பெரிய சாருக்கு ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. சுற்றுப்பயணம் போய் வந்தது தலைதானே, அவரில்லையே. தலைக்குப் பக்கத்து நாற்காலியில், விழாவுக்கு ஒரு மெயின்லேண்டுப் பிரமுகர் வேண்டுமென்று மத்தியானத்தோடு முகாமை முடிக்கச் செய்து அழைத்து வந்திருந்த சிறப்பு விருந்தினர் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் பேனா போல ஒரு சின்ன டார்ச்.

கண் டாக்டர்.

சிவஞானம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேடையருகே போனான். சாமியே நேரில் வந்து பக்கத்தில் உட்கார்ந்ததைப் போல இருந்தது. ஆனால் சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. மேடைப் படியில் நின்ற முத்துராஜின் காதருகே குனிந்தான்.

"சார், தலைக்குள்ள இருக்கது டெர்வின் இல்ல. எங்க அக்கா. கண்ணு தெரியாது. டாக்டர் பக்கத்துலதான் இருக்காரு. ஒரு நிமிஷம் தலையக் கழட்டி..."

முத்துராஜ் அசையாமல் கேட்டார். முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

"வேற யாருக்காச்சும் தெரியுமா?"

"இல்ல சார்."

"அப்ப அப்படியே இருக்கட்டும். மேடையில தலையக் கழட்டினா, இயக்குநர் தலைக்குள்ள ஒரு பொம்பள உக்காந்திருக்கான்னு பேப்பர்ல வரும். விழா முடியட்டும், நானே டாக்டர்கிட்ட சொல்றேன்."

அவர் மைக் முன்னால் போனார். இந்தியில் பேசினார்; தமிழில் சொன்னால் இப்படி வரும்.

"இந்த இயக்ககம் மக்களுக்கு என்ன செய்தது என்று சிலர் கேட்கிறார்கள். கட்சால் வரை போனோம் என்று பெருமையோடு சொல்கிறேன். மக்கள் எங்களைத் தேடி வர வேண்டியதில்லை. வர முடியாதபடி நாங்களே பார்த்துக்கொண்டோம். இந்தப் பயணத்தால் ஒரு நோயாளிக்குக்கூட அலைச்சல் இல்லை. ஒவ்வொருவரும் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். இந்த முகத்தைப் பாருங்கள். எவ்வளவு கேட்டாலும் மாறாத சிரிப்பு! ஓர் அதிகாரிக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?"

ஓரத்து நாற்காலியில் பெரிய சார்தான் முதலில் கைதட்டினார்.

பிறகு டாக்டரைப் பேச அழைத்தார்கள். நல்ல மனிதர், விமானத்துக்கு நேரமாகிறது என்று கையெடுத்துக் கும்பிட்டார். புகைப்படக்காரர்கள் விடவில்லை, டாக்டர் சாப், ஏதாவது செய்யுங்கள் என்றார்கள். டாக்டர் சிரித்துக்கொண்டே டார்ச்சை எடுத்தார். தலையின் முன்னால் குனிந்து, கப்பல் விளக்குக் கண்ணாடிமேல் வெளிச்சம் அடித்தார்.

"டாக்டர் சாப் இப்போது கண்ணைப் பரிசோதிக்கிறார்!" என்று மைக் கத்தியது. "டார்ச் அடித்துப் பார்க்கிறார்!"

அரங்கம் ஆர்ப்பரித்தது. டாக்டர் இடது கண்ணைப் பார்த்தார், வலது கண்ணைப் பார்த்தார், கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். சிவஞானம் படியேறினான். "சாப்," என்று கூப்பிட்டான். கைதட்டலில் அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை. கண்காணிப்பாளர் அவன் தோளைப் பிடித்து, படத்தில் விழாதபடி ஓரமாக நகர்த்தினார். டாக்டர் மறுபக்கமாக இறங்கி, காரில் ஏறி, விமான நிலையத்துக்குப் போய்விட்டார். முத்துராஜ் கார் கதவைத் திறந்துவிட்டார். சால்வையை மறந்துவிடாதீர்கள் என்று மட்டும் சொன்னார்.

விழா முடிந்ததும் அவர் சிவஞானத்தைக் கூப்பிட்டார்.

"அடுத்த தடவ முகாம் போடும்போது பேரு குடு. நான் பாத்துக்கிடறேன். தலைய பத்திரமா கிடங்குல வை. அங்கியத் துவைக்கச் சொல்லு."

கிடங்கில் துணைத் தலையும் மற்ற இரண்டும் சுவரோரம் சிரித்துக்கொண்டிருந்தன. சிவஞானம் கதவைச் சாத்திவிட்டு, அக்காவின் மேலிருந்து பெரிய தலையைத் தூக்கி இறக்கினான். அவள் முடி வியர்வையில் ஒட்டிக் கிடந்தது. முகமெல்லாம் பசை வாடை. ஒரு சாக்கின் மேல் உட்கார வைத்தான். அவனுக்கு அழ வேண்டும் போலிருந்தது. அதற்குக்கூடத் தெம்பு வரவில்லை.

"தம்பி," என்றாள் சொர்ணம்மா. "டாக்டரு டார்ச்சு அடிக்கிறாருன்னு மைக்குல சொன்னாங்களே."

"ஆமாக்கா."

"நான் உள்ளாற கண்ண நல்லா அகட்டித் தொறந்து வச்சிக்கிட்டேன். ரெண்டு கண்ணையும். டார்ச்சு வெளிச்சம் கொஞ்சங்கூட வரல. அப்ப அவ்வளவுதானா?"

சிவஞானம் அவள் முன்னால் குந்தி உட்கார்ந்தான். பக்கத்தில் தரையில் கிடந்த தலையின் கண்ணாடிக் கண்களில் ஜன்னல் வெளிச்சம் பளபளத்தது.

"இல்லக்கா. ஒன் கண்ணுக்கு அடிக்கல. தொரையோட கண்ணுக்கு அடிச்சாரு."

அவள் கையை நீட்டி, பக்கத்தில் கிடந்த தலையைத் தொட்டுப் பார்த்தாள்.

"தொரைக்கு எப்புடி இருக்காம்?"

"நல்லா இருக்காம்."

"சரி வுடு," என்று சொர்ணம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அவருக்காச்சும் தெரியட்டும்."